பழைய சவுண்ட் கார்டும் புது மதர்போர்டும்: எங்கே இணைப்பது?

கேள்வி இதுதான்: கையில் ஒரு சவுண்ட் பிளாஸ்டர் 16 ஐஎஸ்ஏ கார்டு, ஒரு சவுண்ட் பிளாஸ்டர் லைவ் பிசிஐ கார்டு, முன்பக்க ஆடியோ ஒயர்கள் தொங்கும் ஒரு பழைய கேபினெட், அந்தக் காலத்து ஸ்பீக்கர் ஒரு ஜோடி இருக்கின்றன. புது மதர்போர்டில் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் மட்டும்தான். (ஐஎஸ்ஏ, பிசிஐ, பிசிஐ எக்ஸ்பிரஸ் மூன்றும் கார்டு செருகும் ஸ்லாட் வகைகள்; ஐஎஸ்ஏ மிகப் பழையது, பிசிஐ எக்ஸ்பிரஸ் இன்றையது.) அடாப்டர் போட்டு இவற்றையெல்லாம் ஓட்ட முடியுமா?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேபினெட் ஒயர் எளிதான வேலை. ஸ்பீக்கர் எந்த வகை என்பதைப் பொறுத்தது. லைவ் கார்டு லினக்ஸில் ஓடும், விண்டோஸில் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். சவுண்ட் பிளாஸ்டர் 16-ஐப் புது மதர்போர்டில் செருகும் எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அதைப் பயன்படுத்த வேறு நல்ல வழி இருக்கிறது.

இனி விரிவாக.

அடாப்டர் தேடும்போது எல்லோரும் பார்ப்பது ஸ்லாட் வடிவத்தை. செருகினால் பொருந்துகிறதா, சரி, வேலை முடிந்தது என்று தோன்றும். ஆனால் ஒரு சவுண்ட் கார்டு கணினியிடம் எதிர்பார்ப்பது நிறைய: குறிப்பிட்ட சில மின்னழுத்தங்கள், செயலியைத் தொந்தரவு செய்யாமல் நினைவகத்திலிருந்து தானே தரவை இழுக்கும் டிஎம்ஏ வசதி, 'என் வேலை முடிந்தது, அடுத்ததைக் கொடு' என்று சொல்ல ஒரு இன்டரப்ட், இத்தனையும் தெரிந்த ஒரு டிரைவர். இவற்றில் ஒன்று குறைந்தாலும் சத்தம் வராது, வந்தாலும் கரகரப்பாக வரும். ஆகவே நான் கடைப்பிடிக்கும் விதி ஒன்று உண்டு: பழையதையும் புதியதையும் செயலியிலிருந்து முடிந்தவரை தள்ளி இணைக்க வேண்டும். ஆடியோ ஒயரில் இணைத்தால் பெரும்பாலும் பிரச்சினையே இல்லை. இசைக் கருவிகளுக்கு ஸ்வரக் கட்டளைகளை அனுப்பும் மிடி கேபிளில் இணைத்தால் கொஞ்சம் கவனம் தேவை. பஸ்ஸில், அதாவது கார்டும் செயலியும் தரவு பரிமாறும் ஸ்லாட் பாதையில், இணைக்கப் போனால்தான் தலைவலி ஆரம்பம்.

லைவ் கார்டை எடுத்துக்கொள்வோம். 1998-இல் வந்தது, மூளை இஎம்யூ10கே1 என்ற சிப். இன்டெல் 2011-இல் தன் 6-வரிசை சிப்செட்டுகளை (மதர்போர்டின் துணைச் சிப்புகள்) கொண்டுவந்தபோது வீட்டு உபயோக மாடல்களில் நேரடி பிசிஐ ஆதரவை எடுத்துவிட்டது. அதன்பின் வந்த போர்டுகளில் பிசிஐ ஸ்லாட் இருந்தாலும் அதற்குப் பின்னால் பிசிஐயையும் பிசிஐ எக்ஸ்பிரஸையும் இணைக்கும் ஒரு பிரிட்ஜ் சிப் இருக்கும். பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் செருகும் பிசிஐ அடாப்டர்களும் அதே மாதிரி சிப்பை ஒரு சின்ன பலகையில் வைத்து வருபவைதான். ஏஎஸ்மீடியாவின் ஏஎஸ்எம்1083, பிஎல்எக்ஸின் பிஇஎக்ஸ்8112, பெரிகாமின் பிஐ7சி9எக்ஸ்111 என்ற எண்கள் அடிக்கடி கண்ணில் படும். மென்பொருளைப் பொறுத்தவரை இந்த பிரிட்ஜ் கிட்டத்தட்டக் கண்ணுக்குத் தெரியாது. இயங்குதளம் அதைத் தாண்டிப் போய்க் கார்டைக் கண்டுபிடித்து, சாதாரண பிசிஐ கார்டு போலவே நடத்தும். ஆகவே 'செருகினால் தெரியுமா' என்றால் தெரியும். அதற்கு அடுத்த கட்டத்தில்தான் பார்க்க வேண்டிய விஷயங்கள் வருகின்றன.

வாங்குவதற்கு முன் சிப்பின் எண்ணைப் பாருங்கள். மேலே சொன்னவற்றில் ஏஎஸ்எம்1083-க்கு இன்டரப்ட் விஷயத்தில் கெட்ட பெயர் உண்டு. பழைய பிசிஐயில் இன்டரப்ட் என்பது ஒரு ஒயர்; கார்டு அதைத் தாழ்த்திப் பிடிக்கும், வேலை முடிந்ததும் விடும். பிசிஐ எக்ஸ்பிரஸில் அந்த ஒயரே கிடையாது. 'தாழ்த்தினேன்', 'விட்டேன்' என்று இரண்டு செய்திகளாக பிரிட்ஜ் அதை மொழிபெயர்த்து அனுப்புகிறது. 'விட்டேன்' என்ற செய்தி போய்ச் சேராமல் போனால் கணினிக்கு அந்த இன்டரப்ட் ஓயாமல் அடித்துக்கொண்டே இருப்பதாகத் தெரியும். லினக்ஸ் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, இதை யாரும் கவனிக்கவில்லை என்று பதிவில் எழுதி அந்த இன்டரப்ட்டையே மூடிவிடும். பாட்டு நன்றாக ஓடிக்கொண்டிருந்து திடீரென்று நின்று, கணினியை மறுபடி இயக்கினால்தான் திரும்ப வருகிறது என்றால் முதல் சந்தேகம் இதன்மேல்தான் விழ வேண்டும். கார்டைக் குறை சொல்லிப் பயனில்லை. வேறு சிப் உள்ள அடாப்டருக்கு மாறிவிடுவதே எளிது.

அடுத்தது மின்சாரம். பிசிஐ ஸ்லாட் கார்டுக்கு 5 வோல்ட், 3.3 வோல்ட், +12, −12 வோல்ட் எல்லாம் தர வேண்டும். பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் வருவது +12, 3.3 வோல்ட் மட்டுமே. ஆக 5 வோல்ட்டை அடாப்டர் எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும். அதற்காகத்தான் பலவற்றில் ஹார்டுடிஸ்க்குக்குப் போகும் பவர் கனெக்டர் வைத்திருப்பார்கள். அதை இணைக்க மறக்காதீர்கள். −12 வோல்ட் இன்னும் சிக்கலானது, ஏனென்றால் அந்த பவர் கனெக்டரிலும் அது கிடையாது. பலகையிலேயே அதற்கென்று ஒரு சின்ன கன்வெர்ட்டர் இருந்தால்தான் வரும், மலிவான அடாப்டர்களில் அதை விட்டுவிடுவது சகஜம். எல்லாக் கார்டுக்கும் −12 தேவைப்படாது. ஆனால் ஒலியைப் பெருக்கும் ஆப்-ஆம்ப் சிப்புகளை ±12-இல் ஓட்டும் கார்டு, குறிப்பாக ரெக்கார்டிங்குக்கென்று வந்த நல்ல கார்டு ஒன்றை அப்படிப்பட்ட அடாப்டரில் செருகினால் டிரைவர் ஏறும், மீட்டர் ஆடும், சத்தம் மட்டும் உருக்குலைந்து வரும், அல்லது வரவே வராது. மல்டிமீட்டர் இருந்தால் கார்டைச் செருகுவதற்கு முன்பே அடாப்டர் ஸ்லாட்டில் −12 வோல்ட் வர வேண்டிய பின்னை அளந்து பார்த்துவிடலாம்.

கார்டின் அடிவிளிம்பில் உள்ள வெட்டுகளையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு வெட்டு இருந்தால் 5 வோல்ட், 3.3 வோல்ட் இரண்டு வகை ஸ்லாட்டிலும் போகும். பின்பக்கத் தகட்டிலிருந்து தள்ளி ஒரே ஒரு வெட்டு மட்டும் இருந்தால் அது 5 வோல்ட் கார்டு. சர்வர் போர்டுகளில் காணப்படும் 3.3 வோல்ட் ஸ்லாட்டில் அது இறங்காது, அரத்தால் தேய்த்து இறக்கவும் கூடாது.

இனி அதிகம் பேசப்படாத ஒரு விஷயம், நினைவக எல்லை. ஒரு கார்டு டிஎம்ஏ மூலம் நினைவகத்தைப் படிக்கிறது என்றால் அது எத்தனை பிட் முகவரியை வெளியே அனுப்ப முடியும் என்பதைப் பொறுத்துத்தான் அதன் கை எட்டும் தூரம். ஐஎஸ்ஏ டிஎம்ஏவுக்கு 24 பிட், அதாவது முதல் 16 எம்பி. ஒரு காலத்தில் ரெக்கார்டிங் கார்டுகளில் நிறையக் காணப்பட்ட ஐசிஇ1712 சிப்புக்கு 28 பிட், 256 எம்பி. லைவ் கார்டின் இஎம்யூ10கே1-க்கு 31 பிட், 2 ஜிபி. அதை வடிவமைத்த காலத்தில் வீட்டுக் கணினியில் 2 ஜிபி ராம் யார் வைத்திருந்தார்கள்? இன்று 16 ஜிபி, 32 ஜிபி உள்ள கணினியில் டிரைவர் தன் ஆடியோ பஃபரை (ஒலித் தரவைத் தற்காலிகமாக வைக்கும் இடத்தை) அந்தக் கை எட்டும் பகுதிக்குள் வைத்தாக வேண்டும். டிரைவர் இதை முறையாக இயங்குதளத்திடம் சொல்லிவிட்டால் தொல்லையில்லை. லினக்ஸ் டிரைவர் தெளிவாகவே சொல்லிவிடுகிறது. பழைய விண்டோஸ் டிரைவர்கள் பல இதை யோசிக்காமல் எழுதப்பட்டவை. ராமை 4 ஜிபி ஆக்கியதும் சத்தம் கரகரக்க ஆரம்பித்தது என்று ஒரு காலத்தில் நிறையப் பேர் புலம்பியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சோதிக்க ஒரு வழி இருக்கிறது. இயங்குதளத்துக்கு 2 ஜிபி மட்டும் தெரியும்படி துவக்க அமைப்பில் மாற்றிவிட்டுக் கேட்டுப் பாருங்கள். கரகரப்பு போய்விட்டால் குற்றவாளி டிரைவர்தான்.

டிரைவர் என்று வந்துவிட்டதால் விண்டோஸ் கதையையும் சொல்லிவிடலாம். 64 பிட் விண்டோஸில் 32 பிட் டிரைவர் ஏறவே ஏறாது, பழைய நிரல்களை ஓட்ட விண்டோஸ் தரும் எந்தப் பொருந்து பயன்முறையும் இதற்கு உதவாது. விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது. 64 பிட் டிரைவர் கிடைத்தாலும் அது டிஜிட்டல் கையொப்பம் உள்ளதாக இருக்க வேண்டும். லைவ் வகைக் கார்டுகளுக்குத் தன்னார்வலர்கள் எழுதிய கேஎக்ஸ் டிரைவர் ஒன்று உண்டு, ஆனால் கையொப்ப விதியைத் தளர்த்தி அதை ஓட்டுவது தினசரிப் பயன்பாட்டுக் கணினிக்கு நல்லதல்ல என்பது என் அபிப்பிராயம். லினக்ஸில் நிலைமை தலைகீழ். ஆல்சா எனப்படும் ஒலி டிரைவர்கள் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலோடேயே வருவதால் லைவ், ஆடிஜி, பழைய என்சோனிக் கார்டுகள், ஐசிஇ1712 எல்லாம் இன்றும் செருகியவுடன் ஓடும்.

டிரைவர் கிடைத்தாலும் ஏமாற்றம் ஒன்று காத்திருக்கிறது. லைவ் கார்டை விரும்புகிறவர்கள் பெரும்பாலும் விரும்புவது பழைய விளையாட்டுகளின் இஏஎக்ஸ் எதிரொலி விளைவுகளை. அது டைரக்ட்சவுண்ட்3டி என்ற விண்டோஸ் ஒலி வசதி வழியாக நேரே கார்டின் வன்பொருளை எட்டி வேலை செய்தது. 2007-இல் வந்த விண்டோஸ் விஸ்டாவில் ஆடியோ அமைப்பை முழுக்க மாற்றி எழுதி அந்தப் பாதையை மூடிவிட்டார்கள். கிரியேட்டிவ் நிறுவனம் பிறகு ஆல்கெமி என்று ஒரு மென்பொருள் கொடுத்து, அந்த அழைப்புகளை ஓப்பன்ஏஎல் என்ற வேறொரு ஒலி வசதியின் பக்கம் திருப்பிவிட்டது. ஆக இஏஎக்ஸ்தான் நோக்கம் என்றால் விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் அந்தக் காலத்துக் கணினியில் கார்டை வைப்பதே சரி. புதுக் கணினியில்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், லினக்ஸில் ஒரு மெய்நிகர் கணினி அமைத்து, அதற்குள் எக்ஸ்பியை நிறுவி, கார்டை அப்படியே உள்ளே ஒப்படைக்கலாம். மதர்போர்டில் ஐஓஎம்எம்யூ வசதி (ஒரு கார்டை மெய்நிகர் கணினிக்கென்று ஒதுக்க உதவும் வன்பொருள்) இருக்க வேண்டும். பிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள கார்டுகள் எல்லாம் ஒரே குழுவாகத்தான் நகரும் என்பதையும் நினைவில் வையுங்கள். பொழுதுபோக்காகச் செய்ய நல்ல வேலை, அவசரத்துக்கு ஆகாது.

ஒலித் தரம் கூடும் என்று நினைத்து லைவ் கார்டைத் தேடினால் வேண்டாம் என்பேன். அதன் உள்வேலை முழுக்க 48 கிலோஹெர்ட்ஸில் நடக்கிறது. சிடியிலிருந்து வரும் 44.1 கிலோஹெர்ட்ஸ் ஒலியை அது முதலில் 48-க்கு மாற்றித்தான் வெளியே விடும், அந்த மாற்றம் அப்படியொன்றும் பிரமாதமாக இருக்காது. இன்றைய மதர்போர்டில் இருக்கும் சாதாரண ஆடியோ சிப் அளந்து பார்த்தால் அதைவிட மேல். வாத்தியங்களின் ஒலி மாதிரிகள் அடங்கிய சவுண்ட்ஃபாண்ட் கோப்புகளுக்காகத்தான் என்றால் அவற்றை ஃப்ளூயிட்சின்த் போன்ற மென்பொருளே இப்போது வாசித்துவிடும்.

சரி, சவுண்ட் பிளாஸ்டர் 16-க்கு வருவோம். 1992-இல் வந்த கார்டு. போர்ட் (செயலி கார்டோடு பேசும் முகவரி) 220, இன்டரப்ட் 5, டிஎம்ஏ 1 மற்றும் 5, மிடிக்கு 330, இசைச் சிப்புக்கு 388. டாஸ் என்ற பழைய இயங்குதளத்தில் விளையாடியவர்களுக்கு இந்த எண்கள் மனப்பாடம். இந்தக் கார்டு டிஎம்ஏவைத் தானே செய்யாது. மதர்போர்டில் உள்ள 8237 என்ற கண்ட்ரோலரிடம் ஒரு தனி ஒயர் மூலம் கோரிக்கை வைக்கும். அந்தக் கண்ட்ரோலர்தான் நினைவகத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும். பிசிஐயிலோ பிசிஐ எக்ஸ்பிரஸிலோ அந்தக் கோரிக்கை ஒயர் கிடையாது. ஐஎஸ்ஏ ஸ்லாட் தருவதாகச் சொல்லும் பல மாற்றிகளிலும் போர்ட் மட்டும்தான் வேலை செய்யும். அப்போது ஒரு வேடிக்கை நடக்கும். கார்டிலுள்ள ஓபிஎல்3 என்ற இசைச் சிப் அழகாக ஒலிக்கும், ஏனென்றால் அதற்கு போர்ட்டில் எழுதினாலே போதும். துப்பாக்கிச் சத்தம், பேச்சு எதுவும் வராது, அவற்றுக்கு டிஎம்ஏ வேண்டும். இசை வருகிறது, குரல் வரவில்லை என்றால் கார்டின் ஜம்பரை (அமைப்பை மாற்றும் சின்ன இணைப்புத் தொப்பி) மாற்றிப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

இதற்கு ஒரு புத்திசாலித்தனமான குறுக்குவழி உண்டு. இன்டெல் 1998-இல் ஐஎஸ்ஏவுக்கு மாற்றாகக் கொண்டுவந்த எல்பிசி பஸ், மென்பொருள் கண்ணுக்கு ஐஎஸ்ஏ போலவே தெரியும், டிஎம்ஏ கோரிக்கைக்கும் அதில் ஒரு ஒயர் ஒதுக்கியிருந்தார்கள். பல மதர்போர்டுகளில் டிபிஎம் பாதுகாப்புச் சிப்புக்கான இணைப்பியில் இந்த பஸ் வெளியே வருகிறது. ஃபின்டெக் எஃப்85226 என்ற சிப்பை அதில் தொங்கவிட்டு உண்மையான ஐஎஸ்ஏ ஸ்லாட் செய்து, அதில் சவுண்ட் பிளாஸ்டரை முழுதாக ஓட்டியிருக்கிறார்கள். ஆனால் நிபந்தனைகள் கடினமானவை. டிஎம்ஏ கோரிக்கை ஒயர் அந்த இணைப்பியில் பொதுவாக இருக்காது. போர்டில் அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து நூல் போன்ற ஒயரை சால்டர் செய்ய வேண்டும். 220, 388 போன்ற முகவரிகளை எல்பிசி பக்கம் அனுப்பும்படி சிப்செட்டுக்கு ஒரு சின்ன நிரல் மூலம் சொல்ல வேண்டும். டாஸைத் துவக்கப் பழைய பயாஸ் பயன்முறையும் போர்டில் இருக்க வேண்டும். புது போர்டுகளில் எல்பிசிக்குப் பதிலாக வந்துவிட்ட இஎஸ்பிஐயில் டிஎம்ஏவே கிடையாது. கேள்வியில் சொன்ன போர்டு புதியது என்பதால் இந்தக் கதவு மூடியாகிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நேரப் பிரச்சினையும் இருக்கிறது. ஆட்லிப் என்ற ஆரம்பகால சவுண்ட் கார்டின் காலத்து ஓபிஎல்2 சிப்புக்கு எந்த ரெஜிஸ்டரில் (சிப்பின் உள்ளே மதிப்பை வைக்கும் இடம்) எழுதப் போகிறோம் என்று சொன்ன பிறகு 3.3 மைக்ரோ விநாடி, மதிப்பை எழுதிய பிறகு 23 மைக்ரோ விநாடி காத்திருக்க வேண்டும். அதற்கு அன்றைய கையேடு சொன்ன தந்திரம்: ஸ்டேட்டஸ் போர்ட்டை முதல் தடவை 6 முறையும் அடுத்து 35 முறையும் சும்மா படி. ஐஎஸ்ஏ பஸ் மெதுவானது, ஆகவே அந்தப் படிப்புகளே கடிகாரமாக வேலை செய்தன. இந்த முறையைப் பின்பற்றிய விளையாட்டுகள் வேகமான கணினியிலும் ஓரளவு தப்பிக்கும். செயலியை வெறும் சுழற்சியில் ஓடவிட்டு நேரம் கணித்தவை தப்பிக்காது. ஸ்வரங்கள் விழுங்கப்படும், அல்லது 'கார்டு இல்லை' என்று செய்தி வரும்.

ஆகவே சவுண்ட் பிளாஸ்டர் 16-க்கு என் யோசனை, அதற்கென்று ஒரு பழைய போர்டு தேடிக்கொள்வது. இன்டெல் 440பிஎக்ஸ் சிப்செட் உள்ள பென்டியம் 2, பென்டியம் 3 போர்டுகள் மிக நல்ல தேர்வு, பலவற்றில் ஐஎஸ்ஏ ஸ்லாட் இருக்கும். அதற்குப் புது பவர் சப்ளை போடலாமா? போடலாம். 24 பின் கனெக்டர் 20 பின் இணைப்பியில் நான்கு பின் வெளியே தொங்க உட்காரும். கவனிக்க வேண்டியது −5 வோல்ட். 2002 வாக்கில் அது கட்டாயமில்லை என்றாகி, இன்றைய சப்ளைகளில் கிடைப்பதில்லை. பெரும்பாலான கார்டுகளுக்கு அது வேண்டாம், சில ஆரம்பகால ஐஎஸ்ஏ கார்டுகளுக்கு வேண்டும். −12-ஐ ஒரு 7905 ரெகுலேட்டரில் இறக்கிக் கொடுக்கும் சின்ன ஐஎஸ்ஏ பலகைகள் இதற்கென்றே வந்திருக்கின்றன. இன்னொன்று, அந்தக் காலத்துப் போர்டுகள் சுமையில் பெரும்பகுதியை 5 வோல்ட்டில் இழுப்பவை. இன்றைய சப்ளை முழு பலத்தையும் 12 வோல்ட்டில் வைத்திருக்கும். மொத்த வாட்டைப் பார்க்காமல் 5 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள்.

அந்தப் பழைய கணினியின் ஒலியைப் புதுக் கணினிக்குக் கொண்டுவருவது ஒரு கேபிள் வேலைதான். லைன் அவுட்டிலிருந்து புதுக் கணினியின் லைன் இன்னுக்கு, அல்லது ஒரு யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸுக்கு. ஒன்று மட்டும் கவனியுங்கள்: சவுண்ட் பிளாஸ்டர் 16 வகைகள் பலவற்றில் ஸ்பீக்கரை நேரே ஓட்ட ஒரு குட்டி ஆம்ப்ளிஃபையர் கார்டிலேயே இருக்கிறது. அது இரைச்சல் மிகுந்தது. அதைத் தாண்டி நேரே லைன் மட்டத்தை எடுக்க ஜம்பர் இருக்கும், அதை மாற்றிவிட்டாலே பாதி இரைச்சல் போய்விடும். இரண்டு கணினியையும் இணைத்ததும் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் கேட்டால் அது கிரவுண்ட் லூப், அதாவது இரண்டு கணினியின் எர்த் வழியாகச் சுற்றும் மின்னோட்டம். நடுவில் ஒரு ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் அடங்கும். எர்த் பின்னைப் பிடுங்கிவிடும் 'தீர்வை' மட்டும் செய்யாதீர்கள், அது உயிருக்கு ஆபத்து.

டாஸ் விளையாட்டுகளின் சத்தம் போதும், கார்டு முக்கியமில்லை என்றால் எஸ்பிஇஎம்யூ என்ற டாஸ் நிரலைப் பாருங்கள். புதுப் போர்டில் உள்ள ஹெச்டி ஆடியோ சிப்பையே சவுண்ட் பிளாஸ்டர் போல நடிக்க வைக்கிறது. டாஸ் துவங்கும் போர்டு என்றால் இது நன்றாகவே வேலை செய்யும்.

மிடி பற்றி ஒரு வார்த்தை. பழைய கார்டுகளின் 15 பின் கேம் போர்ட்டில் ஜாய்ஸ்டிக்கோடு மிடியும் வரும், பின் 12 வெளியே, பின் 15 உள்ளே. அந்தப் பின்களை மிடி கருவியோடு நேரே இணைக்கக் கூடாது. மிடி என்பது விநாடிக்கு 31,250 பிட் வேகத்தில் ஓடும் 5 மில்லிஆம்பியர் மின்னோட்டச் சுற்று, வாங்கும் பக்கம் ஆப்டோகப்ளர் (சமிக்ஞையை ஒளி மூலம் கடத்தி மின்தொடர்பைப் பிரிக்கும் பாகம்) வேண்டும். அதற்கான சுற்று மிடி கேபிளின் தடித்த தலைக்குள் இருக்கும். யூஎஸ்பி கேம்போர்ட் மாற்றிகள் ஜாய்ஸ்டிக்கை மட்டும்தான் பார்க்கும், மிடி வராது. மிடி கட்டளைகளை வாங்கி இசை வாசிக்கும் பழைய மிடி மாட்யூல் ஒன்று இருந்தால் அதை யூஎஸ்பி மிடி கேபிளில் புதுக் கணினியோடு இணைப்பது, இந்தப் பதிலில் உள்ள இணைப்புகளிலேயே எனக்குப் பிடித்தது. ஆனால் மிக மலிவான கேபிள்கள் கருவியின் உள் அமைப்பை மாற்றும் நீண்ட சிஸ்எக்ஸ் செய்திகளைப் பாதியில் தொலைத்துவிடும். ரோலண்ட் எம்டி-32 என்ற மிடி மாட்யூலின் முதல் பதிப்புகளோ வேகமாக வரும் சிஸ்எக்ஸைத் தாங்காமல் திரையில் பிழை காட்டி நின்றுவிடும். அனுப்பும் மென்பொருளில் செய்திகளுக்கு இடையே தாமதம் வைக்கும் வசதி இருந்தால் அதை இயக்குங்கள்.

இனி கேபினெட்டின் முன்பக்க ஒயர்கள். 1997-இன் ஏசி97 என்ற ஆடியோ தரநிலையின் காலத்துக் கேபினெட் என்றால் தனித்தனி ஒயர்களாக வந்திருக்கும், ஒவ்வொன்றின் நுனியிலும் பெயர் இருக்கும். புது மதர்போர்டில் இருப்பது 2004-இன் ஹெச்டி ஆடியோ இணைப்பி. வடிவம் ஒன்றுதான், 10 இடத்தில் 8-ஆவது பின் இருக்காது. ஆனால் பின்களின் வேலை வேறு. மைக் ஒயரை பின் 1-இல் மாட்டுங்கள். கிரவுண்ட் பின் 2. வலது ஒலி பின் 5, இடது ஒலி பின் 9. மைக்குக்கு மின்சாரம் தரும் ஒயர் தனியாக இருந்தால் அது பின் 3-க்குப் போகலாம். 'ரிட்டர்ன்' என்று எழுதிய இரண்டு ஒயர்களும் மாட்டாமல் அப்படியே இருக்கட்டும், நுனியை டேப் சுற்றி ஒதுக்கிவிடுங்கள்.

அந்த ரிட்டர்ன் ஒயர் எதற்கு இருந்தது என்று தெரிந்தால் குழப்பம் தீரும். ஏசி97-இல் ஒலி முதலில் முன் ஜாக்குக்குப் போய், அங்கே ஹெட்ஃபோன் செருகாதபோது ரிட்டர்ன் வழியாகத் திரும்பி வந்து பின்பக்க ஸ்பீக்கருக்குப் போகும். அதனால்தான் பழைய போர்டில் முன்பக்க ஒயரைக் கழற்றினால் 5-6, 9-10 என்ற இரண்டு பின் ஜோடிகளையும் ஜம்பரால் இணைக்க வேண்டும், இல்லையென்றால் பின்பக்கமும் ஊமையாகிவிடும். கெட்டுப்போனது என்று ஒதுக்கிய எத்தனையோ பழைய போர்டுகளுக்குத் தேவைப்பட்டது இந்த இரண்டு ஜம்பர்தான். ஹெச்டி ஆடியோவில் முன்பக்கம் தனிச் சேனல். ஜாக்கில் ஏதாவது செருகியிருக்கிறதா என்பதைத் தனி உணர்வு ஒயர் சொல்லும். பழைய கேபினெட்டில் அந்த ஒயர் இல்லை. ஆகவே ஆடியோ அமைப்பில் போய் முன்பக்க ஜாக் கண்டறிதலை நிறுத்தி வைக்க வேண்டும். சில போர்டுகளின் பயாஸில் முன்பக்கத்தை ஏசி97 என்று தேர்ந்தெடுக்கவும் இடம் இருக்கும். ஹெட்ஃபோன் செருகினால் ஸ்பீக்கர் தானாக அடங்காது, அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஸ்பீக்கர் விஷயத்தில், அவற்றுக்குத் தனியாக மின்சாரம் போகிறதா என்று பாருங்கள். போகிறது என்றால் புது மதர்போர்டின் பச்சை ஜாக்கில் செருகினால் முடிந்தது. போகவில்லை என்றால் அவை கார்டிலிருந்த குட்டி ஆம்ப்ளிஃபையரை நம்பி வந்தவை. 4 ஓம், 8 ஓம் ஸ்பீக்கரைப் புது மதர்போர்டின் லைன் அவுட் ஓட்டாது, கொசு பாடுவது போல வரும். நடுவில் சிறிய கிளாஸ்-டி ஆம்ப்ளிஃபையர் பலகை ஒன்று வைத்தால் நன்றாகவே பாடும்.

நான்கு பட்டை ஜாக் உள்ள போன் ஹெட்செட்டைப் பழைய கார்டில் பயன்படுத்த வேண்டும் என்றால் மைக்கையும் ஹெட்ஃபோனையும் பிரிக்கும் ஒய் கேபிள் வேண்டும். நேரே செருகினால் ஒலி ஏதோ வரும், மைக் வராது. பழைய சவுண்ட் பிளாஸ்டர்களில் மைக்குக்கான மின்னழுத்தம் நடுப்பட்டையில் வரும், சமிக்ஞை நுனியில். போன் ஹெட்செட்டில் இரண்டும் ஒரே ஒயர். இரண்டு பட்டையையும் உள்ளேயே இணைத்திருக்கும் ஒய் கேபிள் வேலை செய்யும், இணைக்காதது செய்யாது. ஒரே மாதிரித் தோன்றும் இரண்டு கேபிள்களில் ஒன்று மட்டும் ஓடுவதன் ரகசியம் இதுதான்.

டிஜிட்டல் வெளியீடு இருந்தால் அதுவும் நல்ல இணைப்பு இடம். ஆனால் கார்டின் உள்ளே இருக்கும் எஸ்பிடிஐஎஃப் (டிஜிட்டல் ஒலி) பின்களில் பெரும்பாலும் 5 அல்லது 3.3 வோல்ட் லாஜிக் மட்டம் வரும். கோஆக்ஸியல் உள்ளீடு எதிர்பார்ப்பது 75 ஓமில் அரை வோல்ட். 5 வோல்ட் என்றால் ஒரு 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரைத் தொடராக வைத்து, 374 ஓம் தொடராகவும் 91 ஓம் கிரவுண்டுக்கும் போட்டால் மட்டமும் சரியாகும், வெளியீட்டு மின்தடையும் 75-ஐ ஒட்டி வரும். 3.3 வோல்ட்டுக்கு அவையே 243, 110 ஓம். ஆப்டிகல் டிரான்ஸ்மிட்டர் மாட்யூல் போட்டால் இந்தக் கணக்கே வேண்டாம், கிரவுண்ட் லூப்பும் வராது.

எதையும் இணைப்பதற்கு முன் கார்டின் தங்கப் பூச்சு விளிம்பை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் மெலிதாகக் கேட்டாலோ, பேஸ் காணாமல் போனாலோ வெளியீட்டுப் பாதையில் உள்ள எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்கள் வறண்டிருக்க வாய்ப்பு அதிகம். அதே மதிப்பில் புதிது போடலாம், வோல்ட் அளவு கூடுதலாக இருந்தால் பரவாயில்லை, துருவம் மாறக் கூடாது. இதை அடாப்டருக்குப் பணம் கொடுப்பதற்கு முன்பே, கார்டு பழைய கணினியில் இருக்கும்போதே சோதித்துக்கொள்ளுங்கள். அடாப்டர், டிரைவர், கார்டு மூன்றும் சந்தேகத்துக்குரியதாக இருக்கும்போது பழுது தேடுவது பெரும்பாடு.